வெள்ளிக்கிழமை பார்த்த மாடி

போன மாதம் காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் பேனல் போட்டோம். கடனுக்குப் போனிலேயே விண்ணப்பித்தேன். நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த அதே வங்கிதான். கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, ஆதார் மூன்றையும் படம் பிடித்து அனுப்பிவிட்டு, மறுநாள் யாராவது பார்வையிட வருவார்கள் என்று காத்திருந்தேன். படிக்கட்டு அறையின் மேல்தளத்துக்கு ஏற ஏணி வேண்டும். வீட்டுக்காரரை அனுப்பி எதிர்வீட்டில் ஏணி இரவல் வாங்கி வைத்தேன். வருகிற அதிகாரிக்குக் கொடுக்க நல்ல பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் வாங்கினேன். யாரும் வரவில்லை. நாலாம் நாள் பணம் பேனல் கம்பெனிக்குப் போய்விட்டதென்று செய்தி வந்தது.

வீட்டுக்காரர் பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, உன்னை ஒரு ஆள் வந்து விசாரிக்கக்கூட இல்லையே என்று இரண்டு நாள் சீண்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆம்பூர் கிளையில் என்னோடு வேலை பார்த்து இப்போது மேலாளராக இருக்கும் பிரபாகரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இப்போது யாரும் மாடி ஏறுவதில்லை, எல்லாம் மேலேயிருந்து எடுத்த படத்திலேயே தெரிந்துவிடும் என்றார். ஒரு சோலார் கடனுக்கு நாலு மாதம் ஆன காலம் இருந்தது என்றால் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நம்புவதில்லை, எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலம்தான் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. நாலு நாளில் கிடைப்பது நாலு மாதத்தில் கிடைப்பதைவிட நல்லது, இதில் வாதாட ஒன்றுமில்லை. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. அதில் இன்னொருத்தியின் பிழைப்பு போக இருந்தது.

நான் காவேரிப்பாக்கத்துக்காரி. ராணிப்பேட்டையில் எழுத்தராகச் சேர்ந்து, டோக்கன் கொடுத்து, டிராஃப்ட் எழுதி, இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேர்வு எழுதி அதிகாரியாகி, நாற்பத்தைந்து வயதில் ஆம்பூர் கிளைக்குக் கடன் பிரிவு அதிகாரியாக வந்தேன். அங்கே மேலாளர் கனகசபை. ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அதற்குத்தான் நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். கடன் கேட்பவரைப் பற்றி நாங்கள் எழுதும் ஆய்வறிக்கையை, கடன் கேட்பவரையே எதிரே உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுவார். ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம், யாருக்குப் புரியப்போகிறது என்று எதையும் கிறுக்கிவிட முடியாது. "அவங்களப் பத்தி எழுதினது அவங்களுக்குத் தெரிய வேணாமா, விமலா?" என்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்துகொள்வார். படித்து முடித்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஏறிப் பார்த்தீர்களா?

ஏற வேண்டிய இடமென்றால் ஏற வேண்டும். குடோன் என்றால் உள்ளே நுழைந்து மூட்டையைத் தொட வேண்டும். சேலையோடு இரும்பு ஏணியில் ஏறி நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அவரே ஒருநாள் தயங்கித் தயங்கி, சுடிதார் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார்.

சூரியனிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பதற்கு எங்கள் கிளை கொடுத்த முதல் கடன், தோல் பதனிடும் ஒரு பெரிய டேனரியின் முதலாளிக்கு, காற்றாலை வாங்க. காற்றாலை இருந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். இங்கே டேனரி ஓடும், அங்கே காற்றாடி சுற்றும், கரண்ட் பில்லில் கழித்துக்கொள்வார்கள், வரியிலும் சலுகை உண்டு. கனகசபையும் நானும் ராத்திரி ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவ்வளவு பெரிய பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்ததும் முதலாளி என்னிடம் கேட்டது, அது எப்படி இருக்கிறது, போட்டோ எடுத்தீர்களா என்றுதான். அவர் அதைப் பார்த்ததே இல்லை. அந்தக் கடன் பத்து நாளில் முடிந்தது. அவருக்கு நிலம் இருந்தது, பத்திரம் இருந்தது, அவருடைய அப்பா காலத்துக் கணக்கே எங்கள் பேரேட்டில் இருந்தது.

எஸ்தர் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. மின்வெட்டு தினமும் மணிக்கணக்கில் இருந்த காலம் அது.

ஆம்பூரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அவளுக்குச் சின்னதாகத் தளம் போட்ட வீடு, கட்டியது பாதி, கட்டாதது பாதி. கூடத்தில் ஆறு தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேரோடு சேர்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்து ஒரு கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஷூ ஃபேக்டரியில் தையல் வேலை. அதை விட்டதற்குக் காரணம் அவள் மகள் ஷீபா. அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும். சொல்லிக்கொண்டு வராது. மாத்திரை சாப்பிட்டாலும் மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்துவிடும். ஒருநாள் எஸ்தர் ஃபேக்டரியில் இருக்கும்போது ஷீபா சமையலறை மேடையில் மோதி விழுந்து, முன்பல் உடைந்து, வாயெல்லாம் ரத்தமாகத் தனியாகக் கிடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துப் போன் செய்து, ஃபேக்டரியில் சொல்லி, எஸ்தர் பஸ் பிடித்து வீடு வந்து சேர இரண்டு மணி நேரம். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக்காரர் ஏசுதாஸ் டேனரியில் தோல் ஊற வைக்கும் தொட்டியில் வேலை செய்பவர். ஒரு ஆள் சம்பளத்தில் வீடும் நடந்து மருந்தும் வாங்க முடியாது என்பதால் சீட்டு எடுத்து, நகையை வைத்து, பழைய மெஷினாக வாங்கிப் போட்டிருந்தாள்.

இப்போது கரண்ட் இல்லாததால் சொன்ன நாளில் சரக்கு கொடுக்க முடியவில்லை. கம்பெனியில் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். "மேடம், எனக்கு வேலை இருக்குது, ஆளு இருக்குது, மெஷின் இருக்குது. கரண்டுதான் இல்ல" என்றாள். மாடியில் சோலார் போடக் கடன் வேண்டும் என்று கேட்டாள். யாரோ மாதா கோயிலில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

எங்கள் படிவத்தில் சோலாருக்கு இடமே இல்லை. இதரவை என்ற கட்டத்தில் எழுதி வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஜெனரேட்டருக்குக் கேட்டால் உடனே தரலாமே என்று பதில் வந்தது. காரணம் சுலபமானது. கடன் கட்டாவிட்டால் ஜெனரேட்டரைத் தூக்கிவந்து மறுநாளே விற்றுவிடலாம், அதற்குச் சந்தை இருக்கிறது. மாடியில் இருக்கும் பேனலை யார் வாங்குவார்கள்? இதை எஸ்தரிடம் சொன்னபோது, டீசல் புகையில் ஷீபாவை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, டீசல் போட்டால் கூலியில் மிஞ்சவும் மிஞ்சாது என்றாள்.

வங்கிகள் வளர்ந்தால் நாட்டில் சோலாரும் காற்றாலையும் வளரும் என்று இப்போது கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. வெயிலுக்குக் காசு கிடையாது, ஆனால் அதைப் பிடிக்கிற பொருளுக்கான மொத்த விலையையும் முதல் நாளே வைக்க வேண்டும். கரண்ட் பில் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். அதனால் மொத்தமாகக் கடன் கொடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு எவ்வளவு வெயில் அடித்தும் பிரயோஜனமில்லை. ஆனால் அதே வங்கிதான் அந்த வருடம் எங்கள் வட்டாரம் முழுக்க ஜெனரேட்டருக்கும் கடன் கொடுத்தது. வங்கி எதற்குப் பழகியிருக்கிறதோ அதற்குத்தான் கை நீளும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கைகளில் ஒன்றுதான்.

கனகசபை விடவில்லை. வருமானச் சான்று கேட்காமல், எஸ்தரின் வீட்டில் ஒரு முழுநாள் உட்கார்ந்து, கரண்ட் எப்போது போகிறது, எப்போது வருகிறது, அதற்குள் எத்தனை ஜோடி தைக்கிறார்கள், கரண்ட் இருந்திருந்தால் எத்தனை தைத்திருப்பார்கள் என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். இரண்டு நாள் போனேன். மாடி ஏறி, நாலு மூலையிலும் நின்று, காலை, மதியம், மாலை என்று நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பார்த்தேன். எஸ்தர் எனக்கு மோர் கொடுத்தாள். ஷீபா என் பேனாவை வாங்கி என் நோட்டில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு நாளும் வெள்ளிக்கிழமை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. முதலாளிகள் தொழுகைக்குப் போய்விடுவார்கள், வங்கிக்கு வர மாட்டார்கள், கவுன்டர் காலியாக இருக்கும். அதனால் வெளியே பார்வையிடப் போகிற வேலையெல்லாம் வெள்ளிக்கிழமைதான் என்பது எங்கள் கிளையில் எனக்கு முன்பிருந்தே இருந்த வழக்கம். யாரும் அதை யோசித்ததில்லை.

அறிக்கை எழுதினேன். கனகசபை வழக்கம்போல எஸ்தரை உட்கார வைத்துப் படித்தார். மாடி திறந்த வெளி. நிழல் இல்லை. தூசியோ புகையோ இல்லை. கொடிகளில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன, சுற்றிலும் எல்லா மாடிகளிலும் அப்படியே, வெயிலுக்குக் குறைவில்லை. துணி பற்றிய வரியைக் கேட்டதும் எஸ்தர் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர் என்னைப் பார்த்து, ஏறிப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஏறினேன் சார் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

வட்டார அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதி, ஒருமுறை நேரிலும் போய்ப் பேசி, நாலாம் மாதம் கடன் வந்தது. ஐப்பசியில் பேனல் போட்டார்கள். மழை நடுநடுவே அடித்தாலும் மெஷின் நன்றாக ஓடியது. கார்த்திகையும் நன்றாகப் போனது. கம்பெனியில் இன்னும் கொஞ்சம் வேலை கூடக் கொடுத்தார்கள். நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மார்கழி கடைசியில் எஸ்தர் கிளைக்கு வந்தாள். முகமே சரியில்லை. "காலைல ஓடுது மேடம். ரெண்டு மணிக்கு மேல மெஷினு மூச்சு வாங்குது, அப்புறம் நின்னு போவுது. பேனல் கம்பெனிக்காரன் பேட்டரிய நாங்கதான் கெடுத்துட்டோம்னு சொல்றான். நாங்க இன்னா மேடம் பண்ணோம்?" தை மாதம் முழுக்க அப்படியே ஓடியது. கம்பெனியில் கடைசியாக ஒரு லாட் சரக்குக்கு வேலை கொடுத்து, இதுவும் தள்ளிப் போனால் இனிமேல் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் மறுபடி கிளைக்கு வந்தபோது எஸ்தர் பழைய ஃபேக்டரியில் போய் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். காலை ஆறரைக்கு பஸ். ஷீபாவை என்ன செய்வாய் என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவணும்" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவளோடு கிளம்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை.

மாடி ஏறியதும் எனக்கு முதலில் பட்டது, கொடிகளில் ஒரு துணிகூட இல்லை. சுற்றியிருந்த எந்த மாடியிலும் இல்லை. பேனல்களைப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டியவை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தன. விரலை வைத்து இழுத்தால் கம்பளித் துணியைச் சுரண்டினதுபோல மெத்தென்று சுருண்டு வந்தது. தெருவின் பின்பக்கம், சுவர் ஒட்டி, ஒரு பஃபிங் ஷெட். பதனிட்ட தோலின் முதுகை உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்த்து வழவழப்பாக்குகிற இடம். அதன் குழாயிலிருந்து மாவு மாதிரி தோல் தூசி வந்துகொண்டே இருந்தது. மழை இருந்தவரைக்கும் தானாகக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. மழை நின்று பனி விழ ஆரம்பித்ததும் தூசி ஊறிப் பசையாகி ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கழுவ எஸ்தர் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அங்கே போர்த் தண்ணீர் உப்பு. அது காய்ந்து தூசிக்கு மேல் வெள்ளையாக ஒரு படலம்.

துணியெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"இன்னிக்கு எப்டி மேடம் காய வெக்கிறது? வெள்ளிக்கிழமை ஷெட்டு லீவு, அன்னிக்குத்தான் எங்க தெருவுல துணி தோய்ப்போம். மத்த நாளு போட்டா பூரா தூசியாய்டும்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தூசி இல்லை என்பதற்குச் சாட்சியாக நான் எழுதி வைத்த அந்தத் துணிகள், தினமும் தூசி இருப்பதற்குத்தான் சாட்சி. விவரம் தெரிந்த ஒரு குழந்தை பார்த்தாலும் கேட்டிருக்கும், ஏன் எல்லா வீட்டிலும் இன்றைக்கே துணி என்று. எஸ்தர் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். வருடக்கணக்காக வெள்ளிக்கிழமை துணி தோய்ப்பவளுக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது? கேட்க வேண்டியது நான்தான். மேலேயிருந்து எடுத்த படம் என்று பிரபாகரன் சொன்னபோதும் எனக்கு இதுதான் நினைவு வந்தது. அந்தப் படத்தை எந்தக் கிழமையில் எடுத்தார்கள் என்று கேட்கலாமென்று நினைத்தேன், கேட்கவில்லை.

கனகசபையிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பை எடுத்து, என் அறிக்கையை என் கையில் கொடுத்து, எஸ்தரை உட்கார வைத்து, இந்தமுறை நீங்களே படியுங்கள் என்றார். அதைப்போல் ஒரு தண்டனையை நான் என் வேலைக்காலத்தில் அனுபவித்ததில்லை. மாடி திறந்த வெளி என்று ஆரம்பித்தேன். தூசியோ புகையோ இல்லை என்ற வரி வந்ததும் நின்றுவிட்டேன். அழுதுவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், கிளை நிறைய ஆள் இருக்கும்போது.

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுல பொய்யி ஒண்ணும் இல்லியே மேடம். அன்னிக்கு அப்டித்தான் இருந்துச்சு. நானும்தான பக்கத்துல நின்னு தலைய ஆட்டினேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கனகசபை பென்சிலை எடுத்துக் கோப்பின் ஓரத்தில் நான் மாடியைப் பார்த்த கிழமையை எழுதினார். "இதுல விமலா கையெழுத்து இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு. தப்பு ரெண்டு பேரோடது. இதுக்கு எஸ்தரம்மா நஷ்டப்படக் கூடாது" என்றார். தன் அதிகாரத்துக்கு உட்பட்டு மூன்று தவணைகளைத் தள்ளி வைத்தார். நடந்ததை நடந்தபடி வட்டார அலுவலகத்துக்கு எழுதினோம். அவர்கள் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள், பேனல்களைக் கழற்றி விற்றுக் கடனை முடித்துவிடலாமே என்றும் எழுதினார்கள். அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய், இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

அறிக்கையைப் படித்த மறுநாள் காலையில் நானும் கனகசபையும் பஃபிங் ஷெட் முதலாளி ரஹீம் பாயைப் பார்க்கப் போனோம். அறுபது வயதைத் தாண்டியவர், எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். சண்டையாகிவிடுமோ என்று பயந்துகொண்டே போனேன். கனகசபை ஒன்றும் விளக்கவில்லை, ஒரு இடத்துக்குக் கொஞ்சம் வாருங்கள் பாய் என்று மட்டும் கூப்பிட்டார். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக நின்று நின்று எஸ்தரின் மாடிக்கு ஏறினார். பேனலை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். இருபது வருடமாக அந்தத் தெருவில் தொழில் செய்பவர், தன் குழாயிலிருந்து வருவது எங்கே போய் விழுகிறது என்று அன்றைக்குத்தான் மேலேயிருந்து பார்த்தார்.

"இது நம்ம ஷெட்டுதான். போன வாரம் பூரா நீலக் கலருதான் ஓடுச்சு" என்றார். பிறகு எஸ்தரிடம், "இன்னாம்மா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அவள் எப்படிப் போய்ச் சொல்வாள்? ஏசுதாஸ் வேலை பார்த்த டேனரி ரஹீம் பாயின் தம்பியுடையது.

தூசியைத் துணிப்பைகளில் பிடித்து அடைக்கிற எந்திரம் ஒன்று உண்டு. வாங்க வேண்டும் என்று அவருக்கும் பல வருடமாக எண்ணம், செலவு ஜாஸ்தி என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கனகசபை அங்கேயே, மாடியிலேயே, நாங்கள் கடன் தருகிறோம் பாய் என்றார். அந்தக் கடன் எட்டு நாளில் வந்தது. அவரிடம் பத்திரம் இருந்தது. எஸ்தரின் பேனலைக் காப்பாற்றுகிற எந்திரத்துக்கு எட்டு நாள், அந்தப் பேனலுக்கு நாலு மாதம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் எட்டு நாளில் வந்ததே, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எந்திரம் வந்து பொருத்தும்வரை லாட் காத்திருக்காது. அதற்கு அந்தப் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே குடிநீர்க் குழாய் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும், அது உப்பில்லாத தண்ணீர். வேலைக்கு வரும் ஐந்து பேரும் ஆளுக்கு அரைக் குடம் குடிநீர் கொண்டுவந்து, விடியற்காலையில் பனி ஈரம் காய்வதற்குள் பேனல்களைத் துடைத்தார்கள். குடிக்கிற தண்ணீர் அது. நான் என் பங்குக்கு ஆம்பூர் பஜாரில் வீடு துடைக்கிற ரப்பர் வைப்பர் ஒன்று, நீளக் கம்பு போட்டது, வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

லாட் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள் புதன்கிழமை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மதியம் போனேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருவே சட்டென்று அமைதியானது. பஃபிங் ஷெட்டும் நின்றது. இந்த வீட்டுக் கூடத்தில் மட்டும் ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை. மூன்று. எல்லோர் காதும் மெஷின் சத்தத்தில்தான் இருந்தது, எங்கே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுமோ என்று. அறையின் மூலையில் பாயில் உட்கார்ந்து ஷீபா வெட்டின தோல் துண்டுகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றே காலுக்கு அவள் கையிலிருந்து துண்டுகள் சரிந்தன. நான் என்னவென்று புரிந்துகொள்வதற்கு முன்பே எஸ்தர் மெஷினை விட்டு எழுந்துவிட்டாள். ஓடவில்லை, கத்தவில்லை. பாயில் உட்கார்ந்து மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் முழங்கையைக் கொடுத்து, தாடையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு உதறியது. எஸ்தர் குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து மெஷினில் இருந்த பெண் எஸ்தர் பாதியில் விட்ட துண்டை இழுத்துத் தன் ஊசிக்குக் கீழே வைத்துத் தைத்து முடித்தாள். ஒருத்தியும் வேலையை நிறுத்தவில்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நாலு நிமிடம் இருக்கும். உதறல் நின்றது. ஷீபா கண்ணைத் திறந்து அம்மா முகத்தைப் பார்த்தாள், பிறகு தூங்கிப்போனாள். எஸ்தர் அவள் வாயைத் துடைத்துவிட்டு, பழைய சேலையை மடித்துத் தலைக்கு வைத்துவிட்டு, பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மெஷினில் உட்கார்ந்து அதிலிருந்த சின்ன விளக்கைப் பார்த்தாள், எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பெண்ணிடமிருந்து அடுத்த துண்டை வாங்கினாள்.

"மேடம், நாலு மணிக்கு டீ போடுவோம்" என்றாள். "இருந்து குடிச்சிட்டுப் போங்க."